கன்று ஈன்ற பசுவின் மடி வீங்குவது ஏன்?

சினைக் காலம் முழுவதும் நன்றாக இருந்த பசு, கன்று ஈன்ற மறுநாளோ மூன்றாம் நாளோ மடி வீங்கி, பால் திரிதிரியாக விழ, தீனி எடுக்காமல் தலை தொங்கி நிற்பதைக் கறவை மாடு வளர்ப்போர் பலரும் கண்டிருப்பார்கள். கொட்டிலைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். கையைக் கழுவித்தான் கறந்தார்கள். அப்படியிருந்தும் இது வருகிறது. கண்ணேறு பட்டுவிட்டது என்பார் ஒருவர். சீம்பாலை முழுவதும் கறந்ததுதான் காரணம் என்பார் மற்றொருவர். மடிநோய்க்குக் காரணம் கிருமிதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கிருமி நான்கு மாதத்திற்கு முன்பும் அதே கொட்டிலில், அதே சாணத்தில் இருந்ததே! அப்போது ஒன்றும் செய்ய முடியாத கிருமி, கன்று ஈன்ற வாரத்தில் மட்டும் மடியைப் பிடித்துக் கொள்வது எப்படி? இதற்கு விடை பசுவின் இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கிறது.

காம்பின் துவாரம் வழியாக மடிக்குள் கிருமி புகுந்தவுடன், அங்குள்ள காவல் அணுக்கள் அபாய அறிவிப்பாகச் சில இரசாயனப் பொருள்களை வெளியிடுகின்றன. அந்த இடத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டங் கூட்டமாக வந்து சேர்கின்றன. வெளியே நமக்குத் தெரிவது சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்குமே. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்பவர் இந்த நான்கு அடையாளங்களையும் எழுதி வைத்திருக்கிறார். இதற்கு அழற்சி என்று பெயர். அழற்சியே நோய் என்று பலர் எண்ணுகிறார்கள். அது நோய் அன்று. நோயை எதிர்த்து உடல் நடத்தும் போர். ஆனால் போர் என்றால் ஊரும் கொஞ்சம் எரியத்தான் செய்யும்.

வந்து சேரும் அணுக்களில் முதல் வரிசை நியூட்ரோபில் என்னும் வகை. கிருமியை விழுங்கிக் கொன்று, தானும் மடிந்து சீழாவது இதன் வேலை. இரத்தத்தில் இது தங்குவது சில மணி நேரமே என்பதால், எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதியவற்றை உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மடிக்குள் கிருமி புகுந்த முதல் சில மணி நேரத்திற்குள் இவை வந்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை அத்துடன் முடிந்துவிடும். பசுவின் சொந்தக்காரருக்கே தெரியாது. தாமதமாக வந்தால் அதற்குள் கிருமி பல கோடியாகப் பெருகிவிடும். சாணத்திலிருந்து வரும் ஈ.கோலை போன்ற கிருமியாக இருந்தால், அதன் உடல் சிதையும்போது வெளிப்படும் நச்சு இரத்தத்தில் கலந்து, காலையில் நின்ற பசு மாலையில் படுத்துவிடும். ஆக, முதல் சில மணி நேரம்தான் பசுவின் உயிரையும் மடியையும் தீர்மானிக்கிறது.

இந்த நியூட்ரோபில் அணு, வேகமாக ஓடும் இரத்தத்திலிருந்து மடிக்குள் எப்படி இறங்குகிறது? அதன் மேற்பரப்பில் எல்-செலக்டின் என்னும் ஒட்டும் பொருள் இருக்கிறது. வரப்பில் நடந்து போகும்போது நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொள்வதைப் போல, இந்தப் பொருள் இரத்தக் குழாயின் சுவரைத் தொட்டுத் தொட்டு அணுவின் ஓட்டத்தைத் தடுக்கிறது. அணு உருண்டு, நின்று, பின் சுவரின் இடுக்கு வழியாகப் புகுந்து கிருமி இருக்கும் இடத்தை அடைகிறது. நாயுருவியின் முள் போய்விட்டால் விதை வேட்டியில் ஒட்டாது. எல்-செலக்டின் போய்விட்டால் நியூட்ரோபில் மடியைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த முள்ளை உதிர்ப்பது எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பூட்டும் சாவியும்

சிறுநீரகத்தின் அருகே அட்ரினல் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. உடல் ஏதாவது நெருக்கடிக்கு உள்ளாகும்போது இது கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பசி, பயம், கடும் வெயில், லாரியில் நின்றபடி நெடுந்தூரப் பயணம், பிரசவ வலி எல்லாமே இதைச் சுரக்க வைக்கும். 1936-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில் ஹான்ஸ் சைலி என்ற விஞ்ஞானி, எலிகளைக் குளிர், காயம், நஞ்சு எனப் பலவகைத் துன்பங்களுக்கு உள்ளாக்கிப் பார்த்தார். துன்பம் எதுவானாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. அட்ரினல் சுரப்பி பெருத்திருந்தது; நோய் எதிர்ப்பு அணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. நெருக்கடிக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் முதலில் புலப்பட்டது.

கார்ட்டிசால் இரத்தத்தில் எல்லா இடத்திற்கும் போகிறது. ஆனால் அதன் சொல்லைக் கேட்பதற்கு அணுவுக்குள் ஏற்பி என்ற ஒரு புரதம் இருக்க வேண்டும். சாவிக்குப் பூட்டு வேண்டாமா? அட்ரினலின் போன்ற சில ஹார்மோன்களுக்கு ஏற்பிகள் அணுவின் மேல்தோலிலேயே இருக்கின்றன. கார்ட்டிசாலின் ஏற்பியோ அணுவுக்கு உள்ளே காத்திருக்கிறது. கார்ட்டிசால் கொழுப்பில் கரையும் பொருளாதலால் மேல்தோலைத் தாண்டி உள்ளே சென்று ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து அணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சிப் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் பலவற்றை அடக்குகின்றன; அழற்சியைத் தணிக்கும் மரபணுக்கள் சிலவற்றை முடுக்கிவிடுகின்றன. மனிதனின் இந்த ஏற்பிக்கு உரிய மரபணு 1985-ல் பிரித்தறியப்பட்டது. வெள்ளை அணுக்கள் அனைத்திலும் இந்த ஏற்பி உண்டு.

அடக்குவது என்றவுடன் இது ஏதோ கெட்ட வேலை என்று எண்ணிவிடக் கூடாது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் மடையை அடைக்கவும் ஆள் வேண்டும். கிருமியின் நச்சு இரத்தத்தில் கலந்ததும், வெள்ளை அணுக்கள் அனுப்பும் செய்தி மூளைக்குப் போகிறது. மூளை பிட்யூட்டரி சுரப்பி மூலமாக அட்ரினலுக்குக் கட்டளையிடுகிறது. கார்ட்டிசால் சுரந்து அந்த வெள்ளை அணுக்களுக்கே திரும்பி வந்து 'போதும்' என்கிறது. அழற்சி தானே தன்னை அடைக்கும் மடையையும் அழைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கிருமி தின்னும் மாக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்களில் மட்டும் கார்ட்டிசால் ஏற்பி இல்லாதபடி சுண்டெலிகளை உருவாக்கி, அவற்றுக்குக் கிருமி நச்சைச் செலுத்தினார்கள். சாதாரணச் சுண்டெலிகளைவிட அவை அதிகமாக இறந்தன. 2007-ல் வெளியான ஆய்வு இது. அவற்றைக் கொன்றது கட்டுக்கடங்காமல் போன அழற்சியே.

இனி கன்று ஈனும் பசுவுக்கு வருவோம். பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாயன்று, கன்று! வயிற்றில் இருக்கும் கன்று முதிர்ந்ததும் அதன் அட்ரினல் சுரப்பியே கார்ட்டிசாலைச் சுரந்து பிரசவத்தைத் தொடங்குகிறது. நியூசிலாந்து நாட்டு விஞ்ஞானி லிக்கின்ஸ் 1960-களில் செம்மறி ஆடுகளில் இதைக் கண்டறிந்தார். பசுவிலும் இவ்வாறே நடக்கிறது. இத்துடன் பிரசவ வலியில் தாயின் அட்ரினலும் சுரக்கிறது. ஈனும் நாளில் பசுவின் இரத்தத்தில் கார்ட்டிசால் பல மடங்கு உயர்கிறது. சுண்ணாம்புச் சத்து இறங்கிப் பால் காய்ச்சலில் விழும் பசுக்களில் இது இன்னும் அதிகம்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் உள்ள தேசிய கால்நடை நோய் ஆய்வு மையத்தில் கெர்லி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், கன்று ஈனும் முன்னும் பின்னும் உள்ள வாரங்களில் பசுக்களின் நியூட்ரோபில் அணுக்கள் சோர்ந்து போவதை 1989-ல் எழுதினார்கள். பசுக்களுக்குக் கார்ட்டிசால் வகை மருந்தைச் செலுத்தினால் அவற்றின் நியூட்ரோபில் அணுக்களிலிருந்து எல்-செலக்டின் மறைந்துவிடுகிறது என்பது 1995-ல் வெளியாயிற்று. ஈனும் சமயத்தில் அந்த அணுக்களில் கார்ட்டிசால் ஏற்பியே குறைந்து போவதை 2000-ஆம் ஆண்டில் மிச்சிகனைச் சேர்ந்த குழு ஒன்று காட்டியது. அளவுக்கு மீறிச் சாவி வந்து குவியும்போது அணு தன் பூட்டுகளைக் குறைத்துக்கொள்கிறது. அதற்குள் முள் உதிர்ந்துவிட்டது. கன்று ஈன்ற பசுவின் இரத்தத்தைச் சோதித்தால் நியூட்ரோபில் எண்ணிக்கை கூடியிருக்கும். பார்ப்பவர்கள் நல்லதுதானே என்று நினைப்பார்கள். சுவரில் ஒட்டியிருந்தவை எல்லாம் கழன்று இரத்தத்தில் மிதப்பதால் வந்த கூடுதல் அது. ஆள் நிறைய, களத்தில் யாரும் இல்லை.

நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதிலும் இந்த அணுக்களுக்குப் பங்கு உண்டு. ஈன்ற பின் நஞ்சுக்கொடியை அன்னியப் பொருளாகக் கருதி அதைக் கழற்றிவிடும் வேலையில் நியூட்ரோபில் அணுக்கள் ஈடுபடுகின்றன. நஞ்சுக்கொடி தங்கிய பசுக்களில், ஈனுவதற்கு முன்பிருந்தே இந்த அணுக்கள் மந்தமாக இருந்ததை ஏம்ஸ் நகர விஞ்ஞானிகள் 2002-ல் கண்டனர். ஒரே பசுவுக்கு நஞ்சுக்கொடி தங்குவதும், கருப்பையில் சீழ் பிடிப்பதும், மடிநோயும் அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் இதிலிருந்து விளங்கும்.

ஒரே ஊசியில் குணமா?

கார்ட்டிசாலைப் போன்ற பொருளை மருந்தாக முதன்முதலில் பயன்படுத்தியது 1948-ல், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் கெண்டால், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் வந்த டெக்சாமெத்தசோன், உடலில் சுரக்கும் கார்ட்டிசாலைவிட 25 மடங்குக்கு மேல் வலிமை கொண்டது. கிராமப்புறங்களில் ஸ்டீராய்டு ஊசி என்று வழங்குவது பெரும்பாலும் இதுவே. அணுவுக்குள் அதே பூட்டைத்தான் இதுவும் திறக்கிறது.

மடி வீங்கிய பசுவுக்கு இதைப் போட்டால் என்ன நடக்கும்? வீக்கம் இறங்கும். காய்ச்சல் இறங்கும். பசு தீனி தின்னும். மாட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, ஊசி போட்டவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர். ஆனால் காய்ச்சல் இறங்கியதே தவிர நோய் இறங்கவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து உடன் சேராவிட்டால், போர்வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எதிரிக்குக் கோட்டையைத் திறந்துவிட்ட கதைதான். இரண்டு மூன்று நாள் கழித்து மடி கல்லாக இறுகி, காம்பு செத்துப்போன பிறகு மருத்துவரிடம் ஓடி வருகிறார்கள். ஒரு காம்பு போனால் கால்பங்கு பால் போயிற்று. சந்தையில் அந்தப் பசுவின் விலை பாதிக்கும் கீழே போய்விடும். ஒன்றிரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

சினைப்பசுவுக்கு இந்த ஊசி இன்னும் ஆபத்து. கால் வீக்கம் என்றோ, மூட்டு வலி என்றோ, ஏழெட்டு மாதச் சினையில் போட்டுவிட்டால், கன்றின் அட்ரினல் கொடுக்க வேண்டிய கட்டளையை ஊசி கொடுத்துவிடுகிறது. பசு குறைமாதக் கன்றை வீசிவிடும், நஞ்சுக்கொடியும் தங்கும். மருத்துவர்கள் தேவை கருதி நிறைமாதத்தில் பிரசவத்தை வரவழைக்க இதே மருந்தைப் பயன்படுத்துவதும் உண்டு என்பதிலிருந்தே இதன் வேகத்தை அறியலாம். பல நாள் தொடர்ந்து போட்டால் பசுவின் சொந்த அட்ரினல் சோம்பிப் போகும். திடீரென நிறுத்தினால் பசு தளர்ந்துவிடும். உடலில் ஒளிந்திருக்கும் சில வைரஸ் நோய்கள் இந்த மருந்தால் மீண்டும் தலைதூக்குவதும் சோதனைகளில் தெரிந்த விஷயம்.

இப்படிச் சொல்வதால் இந்த மருந்தே வேண்டாம் என்பதில்லை. ஒவ்வாமையால் மூச்சுத் திணறும் மாட்டுக்கு இது உயிர் காக்கும். அதிகப் பால் கறக்கும் பசுக்களுக்கு வரும் கீட்டோசிஸ் என்ற நோயில் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்த உதவும். எப்போது, எவ்வளவு, எதனுடன் சேர்த்து என்பதைப் பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வருபவரிடம் விடத்தக்க மருந்து அல்ல இது.

வலியைக் குறைக்க வேறு வழியும் உண்டு. அழற்சியின்போது உண்டாகும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளே வலிக்கும் காய்ச்சலுக்கும் காரணம். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் கண்டறிந்தார். இவை கார்ட்டிசால் ஏற்பியைத் தொடுவதில்லை. எனவே மடிநோயில் கிருமிக்கொல்லி மருந்துடன் மெலாக்சிகாம் கொடுப்பது இன்று பல நாடுகளில் வழக்கமாகியிருக்கிறது. இந்த வகையில் டைக்ளோபினாக் மட்டும் கூடாது. அந்த மருந்து போட்டு இறந்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் மடிந்தன என்பது 2004-ல் உறுதியாயிற்று. 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவையும் தடைக்குள் வந்தன. நம் மாநிலத்தில் மோயாறு பள்ளத்தாக்கை ஒட்டி மாடு வளர்ப்போர் இதை மிகவும் கவனிக்க வேண்டும். அங்கேதான் மிச்சமுள்ள கழுகுகள் கூடு கட்டுகின்றன.

மாட்டுக்காரர் செய்யக்கூடியவை

ஈனும் நாளில் கார்ட்டிசால் உயர்வதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதன்மேல் வேறு நெருக்கடிகள் சேராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. நிறைமாதப் பசுவைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வது, வெயிலில் கட்டுவது, புதிய மாடுகளுடன் சேர்த்துக் கட்டி முட்டுப்பட விடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஈனும் கலப்பினப் பசுக்களுக்கு நிழலும், நினைத்தபோதெல்லாம் குடிக்கத் தண்ணீரும் மருந்துக்குச் சமம். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்றவிட்டு, மருத்துவர் யோசனைப்படி காம்புகளில் கிருமிக்கொல்லி மருந்து செலுத்தினால் பழைய தொற்றுக்கள் தீரும்.

தீவனத்தில் கவனிக்க வேண்டியது பசும்புல். வெறும் வைக்கோலில் வைட்டமின் 'ஈ' மிகச் சொற்பம்; பசுந்தீவனத்தில் தாராளம். நியூட்ரோபில் அணுக்கள் கிருமியைக் கொல்லத் தயாரிக்கும் வீரியமான பொருள்களிலிருந்து தம்மையே காத்துக்கொள்ள இந்த வைட்டமின் வேண்டும். வற்றிய காலத்தில் இதை நாள்தோறும் கொடுத்த பசுக்களில் கன்று ஈன்றபின் வரும் மடிநோய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1984-ல் வெளியான ஆய்வு கூறியது. கோடையில் வேறு பச்சை கிடைக்காவிட்டாலும், வரப்போரத்து அகத்தி, வேலிமசால், சூபாபுல் தழைகளைச் சினைமாட்டுக்கு ஒதுக்கி வைக்கலாம். சூபாபுல்லை மட்டும் அளவோடு, மற்றத் தீவனத்துடன் கலந்து கொடுக்க வேண்டும்.

கறந்து முடிந்ததும் காம்புத் துவாரம் உடனே மூடிக்கொள்வதில்லை. காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி, தீவனம் போட்டு அரைமணி நேரமாவது பசுவை நிற்க வைப்பது நல்லது. கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் பிடித்துப் பார்த்தால் திரி தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத மடிநோயை அறியவும் எளிய சோதனை இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, ஒவ்வொன்றிலும் பால் அளவே கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்ற வேண்டும். எந்தக் கிண்ணத்தில் பால் கொழகொழவென்று திரள்கிறதோ அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. திரள்வது வேறெதுவுமில்லை, மடிக்கு வந்து சேர்ந்த வெள்ளை அணுக்கள் உடைந்து வெளியாகும் உட்கருப் பொருளே. 1957-ல் கலிபோர்னியாவில் உருவான சோதனையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். ஈன்ற முதல் சில நாட்களில் சீம்பாலே கெட்டியாக இருக்குமாதலால், ஒரு வாரம் கழித்து இதைச் செய்தால் முடிவு தெளிவாக இருக்கும். சோதித்த பாலைக் குடிக்கவோ கன்றுக்கு ஊட்டவோ கூடாது.

சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் நாட்டு வைத்தியத்தைத் தமிழ்நாட்டில் பலர் செய்கிறார்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் அழற்சியைத் தணிப்பது ஆய்வுக்கூடங்களில் தெரிந்திருக்கிறது. இலேசான வீக்கத்திற்குப் பூசிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பசுவுக்குக் காய்ச்சல் இருந்தால், காது சில்லிட்டுப் படுத்துக்கொண்டால், பால் தண்ணீராகவோ இரத்தமாகவோ வந்தால், பூச்சை நம்பி ஒரு இரவைக்கூடக் கழிக்கக் கூடாது.

மருத்துவரை அழைக்கும்போது பசு எத்தனை மாதச் சினை அல்லது ஈன்று எத்தனை நாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருவூட்டல் அட்டையைக் கையில் வைத்திருப்பது இன்னும் நல்லது. போட்ட ஊசியின் பெயரைக் கேட்டு அதே அட்டையின் பின்புறம் தேதியுடன் குறித்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டு போட்டிருந்தால் தொண்டை அடைப்பான், கோமாரி ஆகியவற்றுக்கான தடுப்பூசியைச் சில வாரங்கள் தள்ளிப் போட வேண்டியிருக்கும். வெள்ளை அணுக்கள் அடங்கிக் கிடக்கும்போது போடும் தடுப்பூசி சரிவரப் பிடிப்பதில்லை. எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.